எண் நம்முடையது, எழுத்து யாருடையது?

சென்ற மாதம் நாம் செல்பேசியை மாற்றினோம். கூடவே சேவை நிறுவனத்தையும் மாற்றினோம். ஆறாண்டுகள் உழைத்த பழைய கருவியின் மின்கலம் ஒரு பகற்பொழுதைக்கூடத் தாங்காமல் போயிற்று என்பது முதற்காரணம். கல்லூரி வளாகத்தில் பழைய நிறுவனத்தின் அலை எட்டாததால் ஒவ்வோர் அழைப்புக்கும் வகுப்பறையை விட்டு வெளியேறி வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டியிருந்தது என்பது இரண்டாவது காரணம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது, இலக்கியம் பேசும் இடத்தில் செல்பேசிக் கடைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். அந்தச் சுளிப்போடுதான் நமக்கு வழக்கு.

கடையில் இருந்த இளைஞர் மிக நல்லவர். 1900 என்ற எண்ணுக்கு எப்படிச் செய்தி அனுப்புவது, பதிலாக வரும் எட்டெழுத்துக் குறியீட்டை எங்கே காட்டுவது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். "நம்பர் அப்படியே வந்துரும் சார், கவலையே படாதீங்க. மூணு நாள்ல மாறிரும்" என்று இருமுறை உறுதி கூறினார். பிறகு பழைய கருவியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எக்ஸ்சேஞ்சுல போட்டா ஆயிரத்து இருநூறு கிடைக்கும் சார். ரீசெட் பண்ணிரலாமா?" என்று கேட்டார்.

எண்ணைப் பற்றி அவர் காட்டிய பரிவில் நூறில் ஒரு பங்கும் அந்த இரண்டாம் கேள்வியில் இல்லை. பிழை அவருடையதன்று. அவர் முன் நிற்கும் வாடிக்கையாளர் எவரும் அந்தக் கேள்விக்குத் தயங்குவதில்லை. நாமும் முன்னொரு முறை தயங்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலை இன்னதென்று சொன்னால்தான் இக்கட்டுரையின் சினம் புரியும்.

*

நாங்கள் அறுவர் ஒரே வகுப்பில் முதுகலைத் தமிழ் பயின்றவர்கள். எங்களுக்குச் சங்க இலக்கியம் கற்பித்த ஐயா ஓய்வு பெற்ற ஆண்டு 2004. அவ்வாண்டில்தான் அவர் கைக்குச் செல்பேசி வந்தது. ஊர்களில் சிதறிப் போயிருந்த மாணவர்களுக்கு வாரத்தில் மூன்று நான்கு குறுஞ்செய்திகள் அனுப்பத் தொடங்கினார். அவை நலம் விசாரிப்புகள் அல்ல. ஒரு செய்திக்கு ஒரு சொல். பெரும்பாலும் குறுந்தொகையிலோ நற்றிணையிலோ எடுத்த சொல். அதற்கு உரையாசிரியர்கள் தந்த பொருள் என்ன, அப்பொருள் எங்கே போதாமற் போகிறது என்ற குறிப்பு. 'நொதுமலர்' என்பதற்கு 'அயலார்' என்று மட்டும் பொருள் எழுதிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, பெண் கேட்டு வந்துவிடுவார்களோ என்னும் தலைவியின் அச்சமும் அச்சொல்லில் ஒட்டிக் கொண்டிருக்கிறது என்று அவர் எழுதிய செய்தி எங்களுள் பலருக்கு இன்றும் மனப்பாடம். 'ஐயா, இதே அச்சம் மருதத்திலும் உண்டா?' என்று எங்களுள் ஒருவர் திருப்பிக் கேட்பார். விடை மறுநாள் வரும். அது அறுவருக்கும் வரும்.

அந்நாட்களில் அவருடைய கருவியில் தமிழ் எழுத்து இல்லை. ஆனால் உரோமன் எழுத்தில் மனம்போன போக்கில் தமிழை எழுதுவது அவருக்கு ஒவ்வாது. ந-ன-ண, ல-ள-ழ, ர-ற ஆகியவற்றை வேறுபடுத்தப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று தமக்கென ஒரு முறை வகுத்துக் கொண்டார். அம்முறையில் பிழை விட்டு நாங்கள் பதில் எழுதினால் திருத்தம் வரும். பின்னர் தமிழ் எழுத்து வந்தது; வந்தபோது இடம் சுருங்கிப் போயிற்று. உரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் எழுதினால் 70 இடந்தான். அந்த எழுபதும் நம் இலக்கணக் கணக்குப்படி எண்ணப்படுவதில்லை. 'எழுத்து' என்னும் சொல்லில் நமக்கு நான்கு எழுத்துகள். கருவிக்கு அவை ஏழு குறிகள். உயிர்மெய்க்கு இரண்டு, புள்ளி வைத்த மெய்க்கு இரண்டு. ஐயா இதைக் கண்டுபிடித்த அன்று, தொல்காப்பியரிடம் முறையிட வேண்டிய வழக்கு இது என்று ஒரு செய்தி அனுப்பினார். அதையும் எழுபது இடத்திற்குள் அடக்கியிருந்தார். பண்டிகை நாட்களில் சலுகைக் கட்டணம் செல்லாது, ஒவ்வொரு செய்திக்கும் முழுக் காசு என்றிருந்த காலம் அது. ஆகவே எங்களுக்கு அவருடைய பொங்கல் வாழ்த்து போகியன்றே வந்துவிடும்.

2014க்குப் பிறகு பார்வை மங்கியது. மகள் வாங்கித் தந்த கருவியில் வாட்ஸப் வழியாகக் குரற்செய்தி அனுப்பத் தொடங்கினார். இப்போது இடக்கட்டுப்பாடு இல்லை. பாட்டைச் சொல்லி, சீர் பிரித்து, நடுவில் இருமி, அடுக்களையில் யாரையோ தண்ணீர் கேட்டு, மீண்டும் பாட்டுக்குத் திரும்புவார். 2018 இறுதியில் ஐயா மறைந்தார்.

முதலாண்டு நினைவு நாளுக்கு அச்செய்திகளைத் தொகுத்து ஒரு சிறு நூல் கொண்டுவரலாம் என்று அறுவரும் கூடினோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது. ஒருவர் 2011இல், எண் மாற்றாமல் நிறுவனம் மாற்றும் வசதி வந்தவுடனே பெருமிதத்தோடு மாறியவர். முக்கியமான செய்திகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சிம் அட்டையிலேயே சேமித்து வைத்திருந்தார். புதிய அட்டை வந்ததும் பழையதைக் குப்பையில் எறிந்துவிட்டார். இன்னொருவர் 2017இல் ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்கு மாறினார். வாட்ஸப் உரையாடலை அப்படி மாற்றிக் கொண்டு செல்ல அந்நிறுவனமே தரும் வழி 2022 வரை கிடையாது. மற்றொருவரின் காப்புப்படி அவர் முன்பு பணியாற்றிய கல்லூரியின் மின்னஞ்சற் கணக்கில் இருந்தது. பணியை விட்டபோது கணக்கும் போயிற்று. வேறொருவர் பேருந்தில் பறிகொடுத்தவர். நாமோ 2013இல் குறுஞ்செய்திகள் நிறைந்த கருவியை 400 ரூபாய்க்கு 'எக்ஸ்சேஞ்ச்' செய்தோம். பின்னால் வந்த குரற்செய்திகளை, நினைவகம் நிறைந்துவிட்டது என்று கருவி எச்சரித்த ஒரு மாலையில், பார்த்துப் பாராமல் மொத்தமாக நீக்கினோம். இதை எழுதும்போது கை கூசுகிறது.

எஞ்சியது ஆறாமவர் வைத்திருந்த ஒரு நோட்டு. அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கும் எங்கள் தோழி அவர். அவருடைய பழைய கருவியில் சில பத்துச் செய்திகளுக்கு மேல் இடம் இல்லை. புதியது வர வேண்டுமானால் பழையதை அழித்தாக வேண்டும். அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் நாளிட்டு எழுதி வைத்திருக்கிறார். 2005 முதல் 2009 வரை 137 செய்திகள். 2009இல் பெரிய நினைவகம் கொண்ட கருவி வாங்கினார். அன்றோடு நோட்டு நின்றுவிட்டது. இனி எழுதி வைக்க வேண்டியதில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று நம்பியதாகச் சொன்னார்.

அந்த 137 செய்திகள் மட்டும் 48 பக்க நூலாயின. அடுத்த ஒன்பது ஆண்டுகளின் எழுத்தும் ஓர் ஆசிரியரின் குரலும் எங்கள் அறுவரின் அலட்சியத்தால் இல்லாமற் போயின. நினைவகம் குறைவாக இருந்தவரை ஏதோ மிஞ்சியது. மிகுந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

*

இப்போது எண்ணின் கதைக்கு வருவோம். இந்தியாவில் எண் மாற்றாமல் நிறுவனம் மாற்றும் உரிமை தானாக வந்து விடவில்லை. பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. 2015 ஜூலையில் ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தை விட்டு வேறு வட்டத்திற்குக் குடிபெயர்ந்தாலும் எண் கூடவே வரும் என்றாயிற்று. ஒரே வட்டத்திற்குள் மூன்று வேலை நாள், வட்டம் கடந்தால் ஐந்து வேலை நாள் என்று ஒழுங்குமுறை ஆணையம் கெடு விதித்தது. புதிய விதிகள் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. எவரேனும் திருட்டுத்தனமாகச் சிம் அட்டையை மாற்றி எண்ணைக் கடத்தி விடக் கூடாதென்று, அட்டை மாற்றிய ஏழு நாளுக்குள் நிறுவனம் மாற்ற இயலாது என்ற காவலும் 2024 ஜூலை முதல் வந்தது. 2018இல் ஏர்செல் நிறுவனம் தமிழகத்தில் முடங்கித் திவால் நடைமுறைக்குப் போனபோது, அதன் வாடிக்கையாளர்கள் தங்கள் எண்ணைக் காப்பாற்றிக் கொண்டு வெளியேறியது இந்த உரிமையின் பலத்தால்தான். இவற்றை நாம் குறை கூறவில்லை. நல்ல சட்டம், நல்ல காவல்.

நம் கேள்வி வேறு. எண்ணுக்கு இத்தனை பாதுகாப்பு எதனால்? எண்ணோடு வங்கிக் கணக்கு இருக்கிறது, ஆதார் இருக்கிறது, ஓடிபி வருகிறது, கடன்காரன் அழைக்கிறான். எண் தொலைந்தால் வணிகம் தடுமாறும்; அரசு தன் குடிமகனைத் தேடிப் பிடிப்பதும் கடினமாகும். ஆகவே எண் பெயர்ந்தே ஆக வேண்டும். ஓர் ஆசிரியர் மாணவனுக்கு அனுப்பிய சொல்விளக்கம் தொலைந்தால் எவருடைய கணக்கிலும் நட்டம் எழுதப்படுவதில்லை. வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரு கண்கள் என்றார். நம் காலத்துச் சட்டம் ஒரு கண்ணுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கிறது.

எழுத்தைப் பெயர்த்துக் கொண்டு செல்லும் உரிமை சட்டத்திற்கே எட்டாத கற்பனையா என்றால், அதுவும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகளில், ஒருவர் தம் தரவைப் பொதுவான வடிவில் பெற்று வேறிடத்திற்குக் கொண்டு செல்லும் உரிமை 2018 மே முதல் நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவில் அவ்வுரிமை இருந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவிலும் இருந்தது. அந்த மசோதா 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வுரிமையைக் காணோம். இருந்து, பிறகு நீக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு நேரடியாக உரிய ஒரு பிரிவு நம் கண்ணெதிரே விடுபட்டது. எந்த எழுத்தாளர் அமைப்பு அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது? எந்தச் சிற்றிதழ் தலையங்கம் எழுதியது? நம் கண்ணில் பட்டவரை ஒன்றும் இல்லை. நாமும் அப்போது வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

*

ஆனால் நம்மவர்களின் புலம்பலுக்குக் குறைவில்லை. நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போகிறவர்கள் அறிவார்கள். கடிதத் தொகுப்பு ஏதேனும் வெளியானால் மேடையேறும் மூவரில் இருவர், கடித இலக்கியம் செத்துவிட்டது, செல்பேசி வந்து அதைக் கொன்றுவிட்டது என்று கண்ணீர் விடுவர். புதுமைப்பித்தன் கமலாவுக்கு எழுதிய கடிதங்களைச் சொல்வர், கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதியவற்றைச் சொல்வர், டி.கே.சி.யைச் சொல்வர், வண்ணதாசனைச் சொல்வர். அவை அரிய செல்வங்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றைச் செல்வமாக்கியவர் யார் என்ற கேள்வியை இந்தக் கண்ணீர் எழுப்புவதே இல்லை. கமலா அம்மையார் பேணி வைத்ததால் புதுமைப்பித்தனின் கடிதங்கள் இருக்கின்றன. கி.ரா. வைத்திருந்ததால் அழகிரிசாமியின் கடிதங்கள் இருக்கின்றன. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைச் சேமித்து வைத்தார். அவற்றுள் 1877 முதல் 1900 வரையிலானவை ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018இல் நூலாயின. நூற்றாண்டுக்கு மேல் அவை காத்திருந்தன. எழுதியவரின் மேதைமை மட்டும் கடித இலக்கியத்தைப் படைப்பதில்லை. பெற்றவரின் பொறுப்பும் சேர வேண்டும்.

நம் தலைமுறை கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை. தமிழில் இன்று நாள்தோறும் எழுதப்படும் சொந்தச் செய்திகளின் அளவு, அஞ்சலட்டைக் காலத்தில் எவரும் கனவிலும் கண்டிராதது. கவிஞர்கள் இரவு இரண்டு மணிக்குப் புதுக் கவிதையை ஒரு நண்பருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். சிற்றிதழ் ஆசிரியர்கள் வாட்ஸப்பிலேயே பிரதியைத் திருத்துகிறார்கள். நாவலின் ஓர் அத்தியாயம் எதனால் நீக்கப்பட்டது என்ற விவாதம் அங்கேயே நடந்து அங்கேயே முடிகிறது. நாளைய ஆய்வாளன் தேடப் போவது இவற்றைத்தான். நாம் நிறுத்தியது எழுதுவதையன்று, வைத்திருப்பதை. கடிதம் செத்துவிட்டது என்று மேடையில் அழுகிறவர், சென்ற ஆண்டு தம் பழைய கருவியை என்ன விலைக்குக் கொடுத்தார் என்பதையும் மேடையிலேயே சொல்ல வேண்டும் என்பது நம் தாழ்மையான வேண்டுகோள்.

உ.வே.சா. ஏடு தேடிப் போன ஊர்களில், பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டோம் என்றும், நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பிலிட்டோம் என்றும் கேட்டு மனம் நொந்த செய்திகளை 'என் சரித்திர'த்தில் படித்துவிட்டு, அம்மக்களின் அறியாமையை நாம் வகுப்பறையில் இகழ்கிறோம். அவர்களுக்காவது அது ஒரு சடங்கு. ஏட்டைத் தெய்வமாகக் கருதியே ஆற்றில் விட்டனர். நாம் தள்ளுபடிக்காக விட்டுக் கொண்டிருக்கிறோம்.

*

நண்பர்கள் எழுப்பக் கூடிய தடைகளை எதிர்கொள்வோம்.

செல்பேசியில் இருப்பது பெரும்பாலும் குப்பை, காலை வணக்கப் படமும் துணுக்கும் தவிர என்ன இருக்கிறது என்பர். ஒப்புக் கொள்கிறோம். எழுத்தாளர்களின் பழைய கடிதங்களிலும் பாதிக்கு மேல் கைமாற்றுப் பணமும், உடல்நலக் குறைவும், பத்திரிகை சன்மானம் தராத கதையுந்தான். அவற்றை நாம் குப்பை என்று சொல்வதில்லை, அக்கால இலக்கிய வாழ்வின் சான்று என்கிறோம். எது குப்பை, எது சான்று என்பதை எழுதப்பட்ட அன்றே தீர்மானிக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை. ஐயாவின் இருமலும் தண்ணீர் கேட்ட குரலும் அன்று எங்களுக்கு இடையூறாகத்தான் பட்டன.

அந்தரங்கம் என்னாவது என்பது இரண்டாவது தடை. இது வலுவான தடை. எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை உலகுக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் வைத்திருப்பது வேறு, வெளியிடுவது வேறு. பெட்டியில் பூட்டி வைத்த கடிதத்தைப் பிறகு எரிக்கவும் இயலும், எழுதியவரிடமே திருப்பித் தரவும் இயலும். அத்தெரிவை நாம் செய்ய வேண்டும். கடைக்காரரின் 'ரீசெட்' செய்யக் கூடாது. நம் உரையாடலை மற்றவர் ஏற்றுமதி செய்யாதபடி தடுத்துவைக்கும் வசதியை வாட்ஸப் 2025இல் கொண்டு வந்தது. எழுதியவருக்கும் பெற்றவருக்கும் இடையே உள்ள இந்த இழுபறி நேர்மையானது. அது மனிதர்களுக்குள் நடந்து தீரட்டும்.

எல்லாம் மேகத்தில் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் பழங்காலத்தவர் என்பது மூன்றாவது. மேகம் என்பது பிறருடைய கணிப்பொறி. ஆண்ட்ராய்டில் வாட்ஸப்பின் காப்புப்படிகளுக்குக் கூகுள் தந்து வந்த கணக்கில்லாத இடம் 2024இல் முடிவுக்கு வந்தது; அன்றுமுதல் அவை நம் கணக்கின் இலவச இடத்தைத் தின்கின்றன. 120 நாள் பயன்படுத்தாத வாட்ஸப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். இறந்தவர் எப்படிப் பயன்படுத்துவார்? எண்ணின் கதியும் அதுதான். பயன்பாடின்றி முடக்கப்பட்ட எண், குறைந்தது 90 நாள் கழித்து, புதியவர் எவருக்கும் வழங்கப்படலாம். ஐயாவின் எண் அவ்வாறே போயிற்று. 2019இல் ஒருநாள் எங்கள் செல்பேசிகளில் ஐயாவின் பெயருக்கு நேரே ஒரு கைக்குழந்தையின் படம் தோன்றியது. எங்களுள் ஒருவர் நெஞ்சு படபடக்க அழைத்தார். "ராங் நம்பர்ண்ணே" என்று மிக மரியாதையாகச் சொன்னார் ஓர் இளைஞர். அவரை நோக என்ன இருக்கிறது? அவர் வெறும் நொதுமலர். அச்சொல்லுக்கு ஐயா எழுதிய விளக்கம் அன்று எங்களுக்கு வேறு வகையில் புரிந்தது.

*

குறை கூறி முடிப்பது எளிது. செய்ய வேண்டியன என்று நாம் கருதுபவற்றையும் சொல்லிவிடுகிறோம்.

சட்டத்திடம் கேட்க வேண்டியது ஒன்று. 2019 மசோதாவில் இருந்த தரவுப் பெயர்வுரிமை மீண்டும் சட்டத்தில் இடம்பெற வேண்டும். உரையும் குரலும் படமும், எந்தக் கருவியிலும் திறக்கக் கூடிய பொது வடிவில், முழுமையாக, கட்டணமின்றிப் பெறும் உரிமை அது. இன்று வாட்ஸப் உரையாடலை ஓர் எல்லை வரை ஏற்றுமதி செய்ய முடிகிறது. ஆயினும் அது நிறுவனம் காட்டும் தயவு. நாளை வேண்டாம் என்று எடுத்துவிட்டால் நாம் முறையிட இடமில்லை. எண்ணுக்குத் தயவு போதாது, உரிமை வேண்டும் என்று முடிவு செய்த நாடு, எழுத்துக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். இறப்புக்குப் பின் தம் தரவு தொடர்பான உரிமைகளைக் கையாள ஒருவரை நியமிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. எழுத்தாளர்கள் அதையாவது அறிந்து வைத்திருப்பது நல்லது.

நம் நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது இன்னொன்று. 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களையும் துண்டுப் பிரசுரங்களையும் காத்ததால் இன்று ஆய்வு நடக்கிறது. அச்செழுத்துக்குச் செய்ததைச் செல்பேசி எழுத்துக்குச் செய்ய ஓர் இடம் வேண்டும். எழுதியவரும் பெற்றவரும் ஒப்பி, இத்தனை ஆண்டு பூட்டி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உரையாடல்களை ஒப்படைக்க ஓர் ஏற்பாட்டைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தொடங்கலாம். கருத்தரங்கு ஒன்றுக்கு ஆகும் செலவில் தொடக்கப் பணி முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் உடனே செய்யக் கூடியது. எவரையும் கேட்க வேண்டியதில்லை. கருவி மாற்றும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். முக்கியமான ஐந்து பேருடைய உரையாடல்களை ஏற்றுமதி செய்யுங்கள். அது வெறும் உரைக்கோப்பாக வரும். தாளில் அச்சிடவும் செய்யலாம். குரற்செய்திகளைத் தனியே படியெடுத்து, யாருடையது, எந்த நாள் என்று பெயரிட்டு வையுங்கள். சிம் அட்டையை எறியும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால், பழைய கருவியை விற்காதீர்கள். அது தரும் தொகை ஓர் இலக்கிய இதழின் சில ஆண்டுச் சந்தாவுக்கு ஈடாகாது.

அந்த இளைஞரிடம் நாம் பழைய கருவியைக் கொடுக்கவில்லை. "அதுல என்ன சார் இருக்கு?" என்று வியப்போடு கேட்டார். நமக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் விடை. 2020இல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது வயலிலிருந்தும் நூற்பாலையிலிருந்தும் மாணவர்கள் அனுப்பிய ஐயங்கள் இருக்கின்றன. அவர்களுள் ஒரு பெண் தன் முதற்கதையைப் பதினேழு துண்டுகளாகத் தட்டி அனுப்பியது இருக்கிறது. கதை நன்றாக இல்லை என்று அன்று நாம் பதில் எழுதியதும் இருக்கும். அப்பெண் பிறகு எழுதினாரா, எங்கே இருக்கிறார் என்று அறியோம்.

மூன்றாம் நாள், சொன்னபடியே, எண் புதிய நிறுவனத்திற்குப் பெயர்ந்து வந்து சேர்ந்தது. பழைய கருவி மேசை மேல் கம்பியில் மாட்டியபடி கிடக்கிறது. ஒரு மணி நேரம் மின்னூட்டினால் இருபது நிமிடம் திறந்திருக்கும். அந்த இருபது நிமிடங்களில் நாள்தோறும் ஓர் உரையாடலாக வெளியே எடுத்துக் கொண்டிருக்கிறோம்.